கொடிக்குள் அடங்காத கொள்கை: திரு.வி.க.வை முன்வைத்து

பெரம்பூர் பக்கிங்ஹாம் – கர்னாடிக் ஆலைகளில் 1947 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறக்குறைய நூறு நாட்கள் நீடித்தது. அப்போது சென்னை மாகாணத்தை ஆண்டது காங்கிரஸ். அரசின் தலைமையில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். தொழிலாளர் பக்கம் நின்ற 63 வயது முதியவர் ஒருவரை அந்த அரசு வீட்டுக்காவலில் வைத்தது. நாடு விடுதலை பெற்ற ஆண்டில், அந்த விடுதலைக்காகப் பத்திரிகை நடத்தி, மேடையேறி, வெள்ளைக்கார ஆளுநரின் மிரட்டலுக்கும் அசையாமல் நின்ற திரு.வி.கலியாணசுந்தரனாரை, அவர் வளர்த்த கட்சியின் அரசே வீட்டில் முடக்கியது.

நம் பாடநூல்கள் அவரைத் ‘தமிழ்த்தென்றல்’ என்ற பட்டத்தோடு அறிமுகம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அரசியல் வரலாறு எழுதுபவர்களுக்கோ அவரை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று தெரிவதில்லை. காந்தியைப் பற்றி ‘மனித வாழ்க்கையும் காந்தியடிகளும்’ எழுதியவர் அவர். ‘முருகன் அல்லது அழகு’ எழுதிய சைவரும் அவரே. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களுள் ஒன்றைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராகவும், மார்க்ஸையும் காந்தியையும் ஒருங்கே வைத்து நூல் எழுதியவராகவும், பெரியாருக்கு ‘வைக்கம் வீரர்’ என்று பெயர் சூட்டியவராகவும், அதே பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறிய மாநாட்டில் தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்தவராகவும் அவர் இருந்திருக்கிறார். இவற்றையெல்லாம் கொள்ளும் கட்சி அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி நம்மிடம் இரண்டு தீர்ப்புகள் தயாராக உள்ளன. ‘உறுதியில்லாதவர்’ என்பது ஒன்று. ‘எல்லோருக்கும் நல்லவர்’ என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது என் துணிபு. திரு.வி.க.வின் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தால், கட்சியோடு பொருந்தாத கருத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பது தெரியவரும். அந்த ஒழுங்கைக் காணும் கண் நமக்குப் பழகவில்லை.

முதலில் இந்தக் கேள்வியை அரசியல் அறிஞர்கள் எப்படி அணுகினார்கள் என்று பார்த்துவிடுவோம். அமெரிக்க அறிஞர் பிலிப் கான்வர்ஸ் 1964இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரை, பொதுமக்களின் அரசியல் கருத்துகளுக்கிடையே கோவை இருக்கிறதா என்று சோதித்தது. ஒருவரின் ஒரு கருத்து தெரிந்தால் அவருடைய மற்றக் கருத்துகளை ஊகிக்க முடிய வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல். வரியைப் பற்றி இப்படிச் சொல்கிறவர் வெளியுறவைப் பற்றி அப்படித்தான் சொல்வார் என்ற கணிப்பு, அரசியல்வாதிகளிடம் ஓரளவு பலித்தது. சாதாரண மக்களிடம் பலிக்கவில்லை. ஆகவே மக்களில் பெரும்பாலோரிடம் முறையான கொள்கை அமைப்பே இல்லை என்று அவர் முடிவுகட்டினார்.

அதற்கு 2 ஆண்டுகள் முன்னதாக, 1962இல், ராபர்ட் லேன் என்ற மற்றோர் அமெரிக்க அறிஞர் வேறு வழியில் போயிருந்தார். ஒரே நகரத்தைச் சேர்ந்த 15 ஆண்களோடு நீண்ட நேரம் உட்கார்ந்து பேசினார். உழைப்பாளிகள், எழுத்தர்கள் போன்ற எளிய மனிதர்கள். அவர்களுடைய கருத்துகள் எந்தக் கட்சியின் அறிக்கையோடும் முழுமையாக ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒவ்வொருவருடைய கருத்துக்கும் பின்னால் அவரவர் பிழைப்பு, குடும்பம், பட்ட அவமானம், நம்பிய நீதி ஆகியவற்றிலிருந்து கிளைத்த காரணங்கள் இருந்தன. வினாத்தாளில் கட்டம் போட்டுப் பதில் வாங்கினால் அது தெரியாது. பேசவிட்டுக் கேட்டால்தான் தெரியும்.

இருவரில் லேன் பக்கமே நான் சாய்கிறேன். கான்வர்ஸின் அளவுகோலில் ஒரு மறைமுக ஒப்புதல் இருக்கிறது: கட்சிகள் சேர்த்துக் கட்டிய கருத்துகள் இயல்பாகவே சேர்ந்தவை என்ற ஒப்புதல். அப்படி அல்ல. ஒரு கட்சியின் கொள்கைத் தொகுப்பு என்பது எந்தச் சாதி, எந்தத் தொழில், எந்த வட்டாரம், எந்தத் தலைவர் எப்போது கூட்டுச் சேர்ந்தார்கள் என்ற வரலாற்றின் விளைவு. தொகுதிக்கு ஒருவரே வெல்லும் தேர்தல் முறையில், வெற்றிக்குப் போதிய எண்ணிக்கையைத் திரட்டுவதற்காகப் பல குழுக்களின் விருப்பங்கள் ஒன்றாகக் கட்டப்படுகின்றன. அந்தக் கட்டு அவிழாமல் இருப்பது கட்சிக்குத் தேவை. குடிமகனுக்கு அது தேவையில்லை.

இனித் திரு.வி.க.வுக்கு வருவோம். செங்கற்பட்டு மாவட்டம் துள்ளத்தில் 1883 ஆகஸ்ட் 26 அன்று பிறந்தவர். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் யாழ்ப்பாணம் நா.கதிரைவேற்பிள்ளை. வள்ளலாரின் பாடல்கள் ‘அருட்பா’ ஆகுமா என்ற பெரும் பூசலில் வள்ளலாருக்கு எதிரணியில் நின்றவர் கதிரைவேற்பிள்ளை. மாணவரும் ஆசிரியர் பக்கமே நின்றார்; அந்தப் பூசலையொட்டி எழுந்த வழக்கில் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போனதால் பள்ளி இறுதித் தேர்வையே இழந்தார். பின்னாளில் அதே திரு.வி.க. வள்ளலாரின் சன்மார்க்கத்தைத் தம் வாழ்வின் நெறியாக ஏற்றார். ஆசிரியர் மேல் வைத்த அன்பும் குறையவில்லை, வள்ளலார் மேல் வைத்த பற்றும் பொய்யில்லை. அணி மாறினாலும் ஆள் மேல் உள்ள மதிப்பை மாற்றாத இந்தப் பண்பு, பிறகு அவருடைய அரசியல் முழுவதிலும் தொடர்கிறது.

1917 டிசம்பரில் அவர் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். அரசியலைத் தமிழில் எழுதலாம், தமிழில் பேசலாம் என்று நிறுவியவர்களில் அவர் முன்வரிசை. அதே ஆண்டு, காங்கிரஸுக்குள் இருந்த பிராமணரல்லாதார் சென்னை மாகாணச் சங்கத்தை அமைத்தனர், திரு.வி.க. அதில் முனைந்து நின்றார். நீதிக்கட்சி வெள்ளையர் ஆட்சியோடு ஒத்துப்போவதை அந்தச் சங்கம் எதிர்த்தது. அதே வேளையில் பிராமணரல்லாதாருக்குரிய இடம் உறுதி செய்யப்பட வேண்டும் என்றும் கேட்டது. விடுதலையா சமூக நீதியா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கப்பட்ட கேள்விக்கு, பிரிக்கவே கூடாது என்று பதில் சொன்னவர்கள் அவர்கள்.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் விதை போட்டார்கள், தலைவர் பி.பி.வாடியா, துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. தமிழறியாத வாடியாவுக்கும் ஆங்கிலமறியாத ஆலைத் தொழிலாளருக்கும் நடுவே குரலாக நின்றவர்களில் அவர் முதன்மையானவர். பக்கிங்ஹாம் – கர்னாடிக் ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் வாடியா மீது வழக்குத் தொடுத்து, உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்று, அவரைச் சங்கத்தை விட்டே விலக வைத்தது. தொழிற்சங்கம் நடத்துவதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. 1926இல் வந்த தொழிற்சங்கச் சட்டத்துக்கு இந்த வழக்கும் ஒரு தூண்டுதல்.

அதே ஆலைகளில் 1921ஆம் ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்தை இங்கே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில், ஒரு மனிதர் எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்வி தமிழ்நாட்டு வரலாற்றில் இத்தனை சிக்கலாக எழுந்த தருணங்கள் குறைவு. ஆலை வெள்ளைக்கார நிறுவனத்தினுடையது. மாகாண அமைச்சரவை நீதிக்கட்சியினுடையது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் நீதிக்கட்சி யாருடைய பெயரால் பேசியதோ அந்தப் பிராமணரல்லாதாரே. காங்கிரஸோ ஒத்துழையாமை இயக்கத்தில் இருந்தது. ஆனால் வேலைநிறுத்தத்தை அரசியல் கருவியாக்குவதில் காந்திக்கே உடன்பாடு இல்லை. ஆலையில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் கணிசமாக இருந்தனர். நீதிக்கட்சியில் இருந்த ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி.ராஜாவின் வழிகாட்டலில் அவர்கள் வேலைநிறுத்தத்திலிருந்து ஒதுங்கி வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

ஆளுநர் வெலிங்டன் திரு.வி.க.வை அழைத்து, நாடு கடத்துவதாக எச்சரித்தார். அவர் பின்வாங்கவில்லை. இந்த உறுதியைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எழுதப்படாமல் போன பக்கமும் ஒன்று உண்டு. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஏன் விலகினார்கள் என்பதற்கு, சங்கத் தலைமையிடம் போதுமான பதில் இல்லை. பொதுவான கூலிப் போராட்டத்தில் தங்களுக்கென்று தனி வேதனை இருந்ததை, நீண்ட வேலைநிறுத்தத்தைத் தாங்கும் சேமிப்போ நிலமோ தங்களுக்கு இல்லை என்பதை, அவர்கள் அறிந்திருந்தார்கள். தொழிலாளி என்ற ஒற்றை அடையாளத்தில் எல்லாரையும் சேர்த்துவிட முடியும் என்ற நம்பிக்கை சேரியின் வாசலில் முறிந்தது. ராஜாவும் 1923இல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார். அவருடைய மக்களின் கேள்விக்கு அங்கேயும் இடம் கிடைக்கவில்லை. கட்சிக்குள் அடங்காமை என்பது திரு.வி.க. போன்ற அறிஞர்களின் தனிச்சொத்து அல்ல என்பதற்கு ராஜாவைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

1925 நவம்பரில் காங்கிரஸின் காஞ்சிபுரம் மாநாடு. அதற்கு முன்பே சேரன்மாதேவி குருகுலத்தில் சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்ட சிக்கலில், வரதராஜுலு நாயுடு, பெரியார் ஆகியோரோடு திரு.வி.க.வும் எதிர்க்குரல் கொடுத்திருந்தார். காஞ்சியில் பெரியாரும் எஸ்.ராமநாதனும் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 1917இல் அதே கோரிக்கையை எழுப்பிய சங்கத்தில் இருந்த திரு.வி.க., இப்போது தலைவர் நாற்காலியில் அமர்ந்து தீர்மானத்துக்கு அனுமதி மறுத்தார். பெரியார் வெளியேறினார். தமிழ்நாட்டின் அடுத்த நூறாண்டு அரசியல் அந்த வெளியேற்றத்திலிருந்து உருக்கொண்டது.

என் கணிப்பில், திரு.வி.க.வின் பொதுவாழ்வில் மிகப் பலவீனமான நாள் அதுதான். தம் சொந்தக் கருத்தின்படி நடந்திருந்தால் அவர் தீர்மானத்தை விவாதத்துக்காவது விட்டிருக்க வேண்டும். கட்சியின் ஒற்றுமையைக் காக்கும் தலைவராக நடந்துகொண்டார். இத்தனைக்கும் அந்த ஒற்றுமை அவரையே நெடுநாள் தாங்கவில்லை. சட்டசபை நுழைவை நோக்கித் திரும்பிய காங்கிரஸின் முன்னணி அரசியலிலிருந்து அடுத்த சில ஆண்டுகளில் அவர் ஒதுங்கினார். கட்சிக்குப் பொருந்தாத மனம் கட்சியின் பதவியில் அமரும்போது என்ன நேரும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. எனினும் பெரியாரும் அவரும் பகைவர்களாகவில்லை. நாத்திகரும் முருக பக்தரும் ஒருவரையொருவர் கடுமையாக மறுத்துக்கொண்டே மதித்தார்கள்.

காங்கிரஸ், சைவம், காந்தியம், தொழிற்சங்கம், மார்க்ஸியம், 1927இல் எழுதிய ‘பெண்ணின் பெருமை’, சன்மார்க்கம் ஆகிய இவற்றைக் கான்வர்ஸின் வினாத்தாளில் நிரப்பினால், கோவையற்ற மனிதர் என்றே விடை வரும். ஆனால் இவை அனைத்துக்கும் அடியில் ஒரே கேள்வி ஓடுகிறது: உயிர்களிடையே உயர்வு தாழ்வு இல்லாத வாழ்க்கையை, வன்முறை இல்லாமல் எப்படி அமைப்பது? வெள்ளையர் ஆட்சி அதற்குத் தடை என்று கண்டபோது காங்கிரஸுக்குப் போனார். ஆலை முதலாளி தடை என்று கண்டபோது சங்கத்துக்குப் போனார். பொருளியல் விளக்கம் தேவைப்பட்டபோது மார்க்ஸிடம் போனார். மார்க்ஸியத்தில் அறம் போதவில்லை என்று தோன்றியபோது காந்தியிடமும் வள்ளலாரிடமும் திரும்பினார். இந்த விடைகள் அனைத்தும் சரி என்று நான் சொல்லவில்லை. பெண்ணைப் போற்றும்போது தாய்மையின் புனிதத்தில் அவர் தங்கிவிடுவது இன்று படிக்கும்போது நெருடுகிறது. ஆனால் கேள்வி மாறவே இல்லை. கோவை அங்கேதான் இருக்கிறது.

அவருக்கு மூத்தவரான சிங்காரவேலரையும் இதே முறையில் வாசிக்கலாம். 1860இல் மீனவக் குடும்பத்தில் பிறந்து, வழக்கறிஞராகி, பௌத்தத்தில் ஆழ்ந்து, ஒத்துழையாமைக் காலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தவர். 1922 டிசம்பரில் கயா காங்கிரஸ் மேடையில் தம்மைக் கம்யூனிஸ்ட் என்று அறிவித்துப் பேசினார். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். 1930களில் ‘குடி அரசு’ இதழில் அறிவியலும் பொருளியலும் எழுதி, 1932 இறுதியில் ஈரோட்டில் பெரியாரோடு சமதர்மத் திட்டத்தை உருவாக்கினார். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு அவர் தலைவர். வரவேற்புக் குழுத் தலைவர் மௌலானா ஹஸ்ரத் மோகானி. இந்த மோகானி உருதுக் கஜல் கவிஞர், முஸ்லிம் லீக்கின் 1921 அகமதாபாத் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், காங்கிரஸில் முழு விடுதலை கேட்ட முதல் குரல்களில் ஒருவர், கண்ணன் மேல் பாட்டெழுதிய முஸ்லிம். பௌத்தத்தில் தோய்ந்த தமிழரும் கண்ணனைப் பாடிய மௌலானாவும் சேர்ந்து நடத்திய அந்த மாநாட்டிலிருந்துதான் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி தன் தொடக்கத்தை எண்ணுகிறது என்றால், கட்சிகள் கூடப் பிறக்கும்போது கலவையாகத்தான் பிறக்கின்றன.

இது இடதுசாரிகளுக்கு மட்டும் உரிய குணம் என்று எண்ண வேண்டாம். அரசின் கட்டுப்பாடுகளை எதிர்த்து 1959இல் சுதந்திரா கட்சி கண்ட ராஜாஜி, 1962இல், 83 வயதில், அணுகுண்டுச் சோதனையை நிறுத்தக் கோரி வாஷிங்டன் சென்று கென்னடியைச் சந்தித்தார். சந்தைப் பொருளாதாரத்தை ஆதரித்தவர்கள் அணுகுண்டையும் ஆதரித்த காலம் அது. அவருடைய 1937ஆம் ஆண்டு இந்தித் திணிப்பும் 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டமும் எனக்கு ஏற்புடையவை அல்ல. ஆனால் தம் கூட்டாளிகள் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தும் ஒரு நம்பிக்கைக்காகக் கடல் கடந்து போனது மெய்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. தனிமனிதரின் மனச்சான்று என்ற பெயரில் நடந்த வியாபாரத்தை நாம் பார்த்திருக்கிறோம். 1952 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152 மட்டுமே கிடைத்தன. ராஜாஜி ஆட்சி அமைத்தபோது, காங்கிரஸை எதிர்த்து வென்ற சிறு கட்சிகளையும் தனியர்களையும் ஆதரவுக்கு இழுத்தே எண்ணிக்கை கூட்டப்பட்டது. 1967இல் ஹரியானாவின் கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறி, அணி தாவலுக்கே தம் பெயரைக் கொடுத்தார். கட்சி என்ற கட்டு இல்லாவிட்டால் வாக்காளர் யாரிடம் கணக்குக் கேட்பது? இது நியாயமான கேள்வி. கட்சிகள் தேவை, ஒருவரின் கருத்து எத்தனை உயர்ந்ததானாலும் அதைச் சட்டமாக்க நூறு கை உயர வேண்டும்.

ஆனால் கயா லாலையும் திரு.வி.க.வையும் பிரித்தறிவது கடினமன்று. விலகியவர் அதனால் எதைப் பெற்றார், எதை இழந்தார் என்று கேட்டால் போதும். அணி தாவியவர்கள் பதவி பெற்றார்கள். திரு.வி.க. ஒவ்வொரு முறை விலகியபோதும் எதையேனும் இழந்தார். பதவி நாடவில்லை, சொத்துச் சேர்க்கவில்லை, கடைசி ஆண்டுகளில் கண்பார்வையும் போன நிலையில் சொல்லச் சொல்லப் பிறர் எழுத நூல் செய்து, 1953 செப்டம்பர் 17 அன்று மறைந்தார்.

நம் சட்டம் இந்த வேறுபாட்டைக் காணவில்லை என்பதுதான் என் முறையீடு. 1985இல் 52ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. கட்சி விட்டுக் கட்சி தாவுவதைத் தடுப்பது அதன் நோக்கம். அது தேவையாகவும் இருந்தது. ஆனால் கட்சியின் கொறடா உத்தரவுக்கு மாறாக எந்த மசோதாவில் வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும், கட்சி பொறுத்துக்கொள்ளாவிட்டால் பதவி போகும் என்று அது விதித்தது. ஆட்சியைக் கவிழ்க்கப் பணம் வாங்கியவரும், தம் தொகுதி ஆற்றைப் பாழாக்கும் சட்டத்தை எதிர்த்தவரும் ஒரே குற்றவாளி. சுயேச்சையாக வென்றவர் பின்னர் ஒரு கட்சியில் சேர்ந்தாலும் பதவி பறிபோகும். உச்ச நீதிமன்றம் 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் இந்தச் சட்டத்தைப் பெரும்பாலும் உறுதி செய்தது. 2003இல் வந்த 91ஆவது திருத்தம், மூன்றிலொரு பங்கினர் பிரிந்தால் தப்பலாம் என்ற விலக்கை எடுத்துவிட்டு, மூன்றில் இரண்டு பங்கினர் இணைப்பை மட்டும் விட்டுவைத்தது. விளைவு என்ன? ஒருவராகக் கருத்து மாறுபட்டால் தண்டனை, கூட்டமாகப் போனால் பாதுகாப்பு. 1957இல் மக்களவைக்கு 42 சுயேச்சைகள் வென்றார்கள். 2014இல் 3 பேர். இந்தச் சரிவுக்குச் சட்டம் மட்டுமே காரணமல்ல, தேர்தல் செலவும் கட்சிச் சின்னத்தின் செல்வாக்கும் உண்டு. என்றாலும் திசை தெளிவு.

உறுப்பினர் தனியாகக் கொண்டுவரும் மசோதாக்களின் கதையும் இதுவே. 1970க்குப் பின் அப்படி ஒரு மசோதாகூட இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானதில்லை. 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா ஒருமனதாக நிறைவேறியது. கட்சி எல்லைகளைக் கடந்து உறுப்பினர்கள் மனச்சான்றோடு வாக்களித்தால் என்ன ஆகும் என்பதற்கு அன்றைய நாள் சான்று. மக்களவையில் அது தேங்கியது.

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு, நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற ஆட்சியின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்குகளில் மட்டும் பதவிப் பறிப்பு இருக்கட்டும் என்றது. சட்ட ஆணையத்தின் 170ஆவது அறிக்கையும் 1999இல், அரசு கவிழும் ஆபத்துள்ள வேளைகளில் மட்டும் கொறடா உத்தரவு பிறப்பிக்கட்டும் என்று பரிந்துரைத்தது. இவை ஏற்கப்படவில்லை, ஆண்ட கட்சிகள் எதுவும் இதில் அவசரம் காட்டவில்லை.

இந்த மாற்றத்தைக் கட்சிகள் தாமாகக் கொண்டுவரா. வாக்காளர்தான் கேட்க வேண்டும். அடுத்த தேர்தலில் உங்கள் தெருவுக்கு வரும் வேட்பாளரிடம், அவர் எந்தக் கட்சியானாலும், ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் கட்சியின் நிலைப்பாடுகளில் உங்களுக்கு உடன்பாடு இல்லாதது எது, அதை எங்கே சொல்லியிருக்கிறீர்கள்? அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லக்கூடியவருக்கு, அவர் உங்கள் கட்சியில் இல்லாவிட்டாலும், செவி கொடுங்கள்.